திடலுக்கும் டேவானுக்கும் (பொது மண்டபத்துக்கும்) யார் பொறுப்பு? ஊராட்சி மன்றத்தில் யாரைப் பார்ப்பது?

கௌரி_லாடாங் எழுதியது:

வணக்கம். மலேசியாவில் பேராக் பக்கம், செம்பனை ஆலையை ஒட்டி வளர்ந்த சின்ன ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாமே. எழுதினால் நாளைக் காலை மார்க்கெட்டில் மீன் வாங்கும்போதே பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும்.

தமிழ்ப்பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு மாலையில் வலைப்பந்தும் ஓட்டமும் சொல்லித் தருகிறேன். சம்பளமெல்லாம் கிடையாது. என் மகளும் அதில் ஓடுகிறாள், அவ்வளவுதான். ஊரில் விளையாட இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று பழைய தோட்டத்துத் திடல், லயத்து வீடுகளுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் நடுவில். அப்பா காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் பந்தாட்டம் நடந்த இடம். இப்போது புல் முழங்காலைத் தொடுகிறது. போன மாதம் ஒரு பிள்ளை பந்து எடுக்கப் போய்ப் பாம்பைப் பார்த்துவிட்டு வந்தது. அதிலிருந்து அந்தப் பக்கம் விடுவதில்லை.

இன்னொன்று தாமானுக்குள், அதாவது வீடமைப்புப் பகுதிக்குள், இருக்கும் புதுத் திடல். பக்கத்திலேயே ஃபுட்சல் கோர்ட், ஊஞ்சல், சறுக்கு மரம், ஒரு டேவான், எல்லாம் உண்டு. கோர்ட்டுக்குப் பூட்டு. சாவி ஒரு கிளப்காரரிடம். நான்கு மூலையிலும் விளக்குக் கம்பம் நிற்கிறது, ஒன்றும் எரிவதில்லை. மழை நாளில் டேவானில் பயிற்சி வைக்கலாம் என்று கேட்டேன். கல்யாணத்துக்கு என்ன வாடகையோ அதேதான் பத்துப் பிள்ளைகள் கயிறு தாண்டுவதற்கும்.

மன்ற அலுவலகத்துக்கும் போனேன். முன் கவுண்டரில் லான்ஸ்கேப் பிரிவைக் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால் சொத்துப் பிரிவு என்றார்கள். சொத்துப் பிரிவில் இருந்த தம்பி மரியாதையாகவே பேசினார், ஆனால் "இதெல்லாம் மேலே முடிவு செய்வது" என்று முடித்துவிட்டார். மேலே என்றால் எந்த மாடி என்று கேட்க வாய் வரை வந்தது.

ஒரு ஊரில் திடல், டேவான், விளையாட்டு நிகழ்ச்சி இதையெல்லாம் உண்மையில் மேற்பார்வை செய்வது யார்? அதற்கென்று ஒரு குழு இருக்கிறதா? நம்மைப் போன்றவர்கள் அங்கே போய் உட்கார முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


டிஃபெண்டர்_5 எழுதியது:

அக்கா, சுற்றி வளைக்காமல் நேராக ஒய்பி, அதாவது நம் தொகுதி மக்கள் பிரதிநிதியின் சேவை மையத்துக்குப் போங்கள். எங்கள் கிளப்புக்கு ஜெர்சி, பந்து, கோல் வலை எல்லாம் அங்கேதான் கிடைத்தது. மன்றத்துக்குக் கடிதம் எழுதினால் உங்கள் மகள் கல்யாணத்துக்குப் பதில் வந்து சேரும் 😄


பழைய_கிராணி எழுதியது:

கௌரி அம்மா, நான் வேறொரு மாவட்ட மன்றத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிக் காலம் முழுக்கக் கூட்டக் குறிப்பு எழுதும் மேசைதான். அதனால் அந்த "மேலே" எந்த மாடி என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் தனியாக ஓர் ஆணையம் என்று நம் சட்டம் ஊருக்கு ஊர் வைக்கவில்லை. எல்லாம் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குள், அதாவது சட்டம் 171க்குள் அடங்கிவிடுகிறது. பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய இடங்களின் கட்டுப்பாடும் பராமரிப்பும் 63ஆவது பிரிவின்படி மன்றத்தின் கையில். பூங்கா, திடல், மண்டபம் அமைக்கவும் நடத்தவும் 101ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. அதிகாரம் தருகிறதே ஒழிய, செய்தே ஆக வேண்டும் என்று கட்டளை போடவில்லை. ஆகவே விளக்கு ஏன் எரியவில்லை என்று சட்டப் புத்தகத்தை நீட்டிச் சண்டை பிடித்துப் பயனில்லை. பட்ஜெட்டை நீட்டிப் பிடித்தால் பயன் உண்டு.

மன்றத்தில் உட்காருபவர்கள் தலைவரும் உறுப்பினர்களும். உறுப்பினர்கள் எட்டுக்குக் குறையாமல், இருபத்து நான்குக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். மாநில அரசு நியமிக்கிறது, ஒரு தவணை மூன்று ஆண்டுக்கு மேல் போகாது. நாம் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் இல்லை. ஒரு காலத்தில் ஊராட்சித் தேர்தல் இருந்தது, 1965இல் இந்தோனேசிய மோதல் நேரத்தில் நிறுத்தினார்கள். நிறுத்திய அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைத்தார்கள். அதற்குத் தலைவர் நம் செனட்டர் ஆதி நாகப்பன், நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவர். தேர்தல் மறுபடி வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கதவைச் சாத்திவிட்டது. இந்தக் கதையை நான் ஆரம்பித்தால் என் மனைவி டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள், விட்டுவிடுகிறேன்.

வேலை எப்படி நகர்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. மன்றத்துக்குக் கீழே குழுக்கள் உண்டு. நிதிக் குழு, உரிமக் குழு, சமூக நலன் அல்லது பொது வசதிக் குழு என்று மன்றத்துக்கு மன்றம் பெயர் மாறும். ஓர் அதிகாரி ஒரு பக்கம் அல்லது இரண்டு பக்கத்தில் கெர்தாஸ் கெர்ஜா, அதாவது முன்மொழிவுத் தாள், தயாரிப்பார். பிரிவுத் தலைவர் கையெழுத்து வைப்பார். அது குழுவுக்குப் போகும். அங்கேதான் உண்மையான பேச்சு நடக்கும்: பணம் எங்கே, யார் பராமரிப்பது, பக்கத்துத் தாமான்காரன் எனக்கும் வேண்டும் என்பானா. பிறகு முழு மன்றக் கூட்டத்துக்கு வரும். அங்கே தலைவர் "ஏற்கிறோமா?" என்பார், எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், நான் எழுதிக்கொள்வேன். ஒரு திடல் கட்டணம் நிறைவேறும் நேரத்தில் தேநீர் ஆறாது.

முழு மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது. 23ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது, வேண்டாம் என்று அந்தக் கூட்டமே தீர்மானம் போட்டாலொழிய. குழுக் கூட்டம் அப்படியில்லை, குழுவே விரும்பித் திறந்தால்தான் உண்டு. ஆகவே நீங்கள் போய் உட்காரக்கூடிய இடத்தில் விஷயம் ஏற்கெனவே முடிந்திருக்கும். முடிவதற்கு முன்னால் உங்கள் பேச்சு காகிதமாகி அந்தக் கோப்பில் இருக்க வேண்டும். கவுண்டரில் வாயால் சொன்னது எதுவும் மாடிப்படி ஏறாது அம்மா.

இப்போது உங்கள் ஊர் விவகாரம். எதையும் எழுதுவதற்கு முன் அந்த இரண்டு நிலமும் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இதுதான் முதல் வேலை. இதைச் செய்யாமல் வந்த கடிதங்களை எங்கள் அலுவலகத்தில் மாதக் கணக்கில் பிரிவுக்குப் பிரிவு அனுப்பி விளையாடுவோம், உங்களுக்கு நடந்தது அதுதான். தாமான் திடல் பெரும்பாலும் மேம்பாட்டாளர் அரசிடம் ஒப்படைத்த திறந்தவெளியாக இருக்கும். பிறகு தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்படி பொதுத் தேவைக்கு ரிசர்வ் என்று அரசிதழில் வந்திருந்தால், அதே அறிவிப்பில் அதைக் கட்டுப்படுத்தும் அதிகாரி யார் என்றும் இருக்கும். அந்த அரசிதழ் எண்ணைக் கடிதத்தின் முதல் வரியில் போட்டீர்கள் என்றால் யாரும் உங்களை வேறு கவுண்டருக்கு அனுப்ப முடியாது. பழைய திடல் பெரும்பாலும் தோட்டத்துப் பட்டாவுக்குள்ளேயே இருக்கும். அப்படியென்றால் அங்கே மன்றம் ஒரு புல்வெட்டியைக்கூட இறக்காது. தனியார் நிலத்தில் பொதுப் பணத்தைச் செலவு செய்தால் ஆடிட் கேட்கும்.

விளக்குக் கம்பம் எரியவில்லை என்றீர்கள். பல்பு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நான் பார்த்த பல இடங்களில் கதை ஒன்றுதான். யாரோ ஓர் அரசியல்வாதி மானியத்தில் கம்பம் நட்டு, நாடா வெட்டி, படமும் எடுத்துக்கொண்டார்கள். மீட்டர் யார் பெயரில் என்று யாரும் கேட்கவில்லை. குத்தகைக்காரர் தற்காலிகமாக எடுத்த இணைப்பு முடிந்ததும் தெனாகா மின்நிறுவனம் வந்து துண்டித்துவிட்டுப் போகும். மன்றத்தைக் கேட்டால், "எங்களிடம் ஒப்படைக்கவே இல்லையே" என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். எனவே கடிதத்தில் "விளக்கைச் சரிசெய்யுங்கள்" என்று எழுதாதீர்கள். அந்தக் கம்பங்கள் மன்றத்தின் சொத்துப் பதிவேட்டில் இருக்கின்றனவா, மின்கணக்கு யார் பெயரில், இரண்டையும் கேளுங்கள். பதிவேட்டில் இல்லாத பொருளுக்குப் பராமரிப்புப் பணம் எந்தக் காலத்திலும் வராது. டிஃபெண்டர் தம்பி சொன்ன ஒய்பி மையத்தை நான் குறை சொல்லவில்லை. கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரக்கூடிய பொருளுக்கு அது நல்ல வழி. மாதா மாதம் பில் வரக்கூடிய பொருளுக்கு மன்றத்தை விட்டால் வழியில்லை.

டேவான் வாடகை விஷயம் எளிது. வாடகை என்பது மன்றம் தீர்மானித்த கட்டண அட்டவணை. கவுண்டர் தம்பி தன் விருப்பத்துக்குக் குறைக்க முடியாது. அந்த அட்டவணையில் விருந்து, கூட்டம், விளையாட்டு என்று பிரித்திருக்கிறதா, மணிக்கணக்குக் கட்டணம் இருக்கிறதா என்று பார்க்கக் கேளுங்கள். இல்லையென்றால் பயிற்சிக்கு ஒரு வரி சேர்க்கும்படி கேளுங்கள். ஒரு தடவைக்குச் சலுகை கேட்டால் அடுத்த மாதமும் நீங்கள் வந்து நிற்க வேண்டும்.

இன்னும் இரண்டு. தனி ஆளாக எழுதாதீர்கள். விளையாட்டுக் கழகம் என்றால் 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதெல்லாம் பிறகு செய்துகொள்ளலாம் என்றால், இப்போதைக்குப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கடிதத் தாளில் எழுதுங்கள். அடுத்தது நேரம். மன்றத்தின் கணக்கு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். அடுத்த ஆண்டு மதிப்பீட்டுக்கு மாநில அரசின் ஒப்புதல் வேறு வேண்டும். பிரிவுகள் தங்கள் தேவைப் பட்டியலை ஆண்டு நடுவிலேயே தட்டச்சு செய்துகொண்டிருப்பார்கள். தீபாவளி முடிந்து கடிதம் கொடுத்தால் அது அதற்கடுத்த ஆண்டுக் கதை.


ஆர்டி_செயலாளர் எழுதியது:

கிராணி ஐயா சொன்னதெல்லாம் சரி. பூட்டைப் பற்றி மட்டும் நான் ஒன்று சொல்கிறேன். எங்கள் தாமானில் கோர்ட் சாவி ருக்குன் தெத்தாங்கா (ஆர்டி) என்ற அக்கம்பக்கக் காவல் சங்கத்திடம், அதாவது என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. பூட்டுவதற்கு முன் ராத்திரி மோட்டார் ஓட்டினார்கள், வலையை அறுத்தார்கள், கடைசியில் தரைக்கடியில் போன மின்கம்பியையே உருவிக்கொண்டு போய்விட்டார்கள். சாவி வைத்திருப்பவன் வில்லன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சாவி இருப்பவன் வீட்டுக் கதவைத்தான் விடியற்காலையிலும் தட்டுகிறார்கள், அது யாருக்கும் தெரியாது.

அந்தக் கிளப்காரருக்கு மன்றத்தோடு எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள் சகோதரி. இருந்தால் பொதுமக்களுக்கு எந்த நேரம் என்று அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவரும் சும்மா நம்பிக்கையில்தான் வைத்திருக்கிறார், உங்களுக்கு இரண்டு மாலை விடச் சொன்னால் பெரும்பாலும் விடுவார். நாங்கள் கதவிலேயே ஒரு கால அட்டவணை ஒட்டிவிட்டோம். செவ்வாய் ஜூம்பா, வியாழன் பெண் பிள்ளைகள், மற்ற நாள் ஃபுட்சல். ஜூம்பா அக்காமார் நேரத்தில் ஒரு நிமிஷம் குறைந்தாலும் என்னைத்தான் பிடிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.


சுமதி_கலிபோர்னியா எழுதியது:

பிறந்து வளர்ந்தது கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில். இப்போது அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறேன். கௌரி கேட்ட மாதிரிக் குழு இந்த ஊர்களில் உண்டு. பூங்கா, பொழுதுபோக்கு ஆணையம் என்று பெயர் வைத்திருப்பார்கள். நகர மன்றம் ஊர்க்காரர்கள் சிலரை அதற்கு நியமிக்கும். ஓய்வு பெற்ற ஆசிரியை, கால்பந்துப் பயிற்சியாளர், பக்கத்து வீட்டு நாய்க்காரர், இப்படித்தான் இருப்பார்கள். நீச்சல்குளக் கட்டணம், கோடைக்கால முகாம், எந்தப் பூங்காவுக்கு முதலில் பணம் என்பதையெல்லாம் பேசி நகர மன்றத்துக்குப் பரிந்துரை செய்வார்கள்.

இங்கே எனக்குப் பிடித்தது ஒன்றுதான். பிரவுன் சட்டம் என்று 1953இலிருந்து ஒன்று இருக்கிறது. வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே என்ன பேசப்போகிறார்கள் என்று பட்டியல் ஒட்ட வேண்டும். பட்டியலில் இல்லாததை முடிவு செய்யக் கூடாது. யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். இந்தச் சட்டம் நகர மன்றத்துக்கு மட்டும் இல்லை, இப்படிப்பட்ட ஆணையங்களுக்கும் சேர்த்துத்தான். கிராணி ஐயா சொன்ன குழுக் கூட்டம் மூடியிருக்கிறதே, இங்கே அதற்குத்தான் கதவு திறந்திருக்கிறது.

ஆனால் பொறாமைப்பட வேண்டாம். இந்த ஆணையம் பெரும்பாலும் ஆலோசனை சொல்லத்தான். பணம் நகர மன்றத்தின் கையில். எங்கள் தெருப் பூங்காவில் கழிப்பறை வேண்டும் என்று ஆணையம் ஏகமனதாகச் சொன்னது. நகர மன்றம் நன்றி சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டது.


டிஃபெண்டர்_5 எழுதியது:

கிராணி ஐயா, எங்கள் திடலிலும் ஒரு கம்பம் நாடா வெட்டிய நாளோடு சரி. இப்போதுதான் விஷயம் புரிகிறது. மீட்டர் பெட்டிக்குள் குருவி கூடு கட்டியிருக்கிறது.


கௌரி_லாடாங் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நில அலுவலகத்துக்குப் போய்வந்தேன். தாமான் திடல் ரிசர்வ்தான், கட்டுப்பாட்டு அதிகாரி மன்றத் தலைவர். எண்ணை எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார். டேவான் கட்டண வரி, கம்பம், மின்கணக்கு, மூன்றும் தனித்தனிக் கடிதம். கிளப்காரரிடமும் பேசினேன். ஆர்டி செயலாளர் சொன்ன மாதிரியே ஒப்பந்தம் ஒன்றும் இல்லை. திங்களும் புதனும் எங்களுக்கு, பந்து சுவரில் பட்டுச் சத்தம் வந்தால் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் நான்தான் பேச வேண்டும் என்று நிபந்தனை.

பழைய திடல் ஐயா சொன்னபடி தோட்டத்துப் பட்டாவுக்குள் இருக்கிறது. அதைக் கேட்டதும் மனசு கஷ்டமாகிவிட்டது. தோட்டத்தை வீடமைப்புக்கு மாற்றப்போகிறார்கள் என்று வேறு ஊரில் பேச்சு. அப்படி நடந்தால் திடல் போய்விடுமா? தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்தால் ஏதாவது நடக்குமா? அப்புறம் அடுத்த மன்றக் கூட்டத்துக்குப் போய் உட்காரலாம் என்று இருக்கிறேன், எப்படிப் போவது?


பழைய_கிராணி எழுதியது:

மூன்று தனிக் கடிதம், அருமை. ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் போட்டால் எளிதான ஒன்றுக்குப் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளர் இலாகா பார்ப்பது 1990ஆம் ஆண்டின் சட்டம் 446 வழியாகத் தோட்டத்துக் குடியிருப்பு, தண்ணீர், பிள்ளைக் கொட்டகை (குழந்தைகள் காப்பகம்) போன்றவற்றை. வீட்டுக் கூரை ஒழுகினால் அங்கே போகலாம். திடலில் புல் வளர்ந்ததற்கு முதலில் தோட்டத்து மானேஜருக்கு எழுதிப் பாருங்கள். சங்கக் கடிதம், பாம்பு பார்த்த சம்பவம், கோயில் திருவிழாத் தேதி, மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். திருவிழாவுக்கு முன்னால் அவர்கள் பெரும்பாலும் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அவர்கள் நிலம், இதுவரை நம்மை விளையாட விட்டது அவர்கள் பெருந்தன்மை.

வீடமைப்புப் பேச்சு உண்மையென்றால் அதுதான் பெரிய விஷயம். வீடமைப்பில் பத்து விழுக்காடு திறந்தவெளி விட வேண்டும் என்பது திட்டமிடல் வழிகாட்டி. கேட்க நன்றாக இருக்கும். அந்தப் பத்து விழுக்காடு எங்கே விழும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய சாக்கடையை ஒட்டி நீளமாக ஒரு துண்டு, மின்கோபுரத்துக்கு அடியில் ஒரு முக்கோணம், இப்படிக் கணக்குச் சரிக்கட்டிய வரைபடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் எந்தப் பிள்ளையும் ஓட முடியாது. நகர, கிராமத் திட்டமிடல் சட்டமான சட்டம் 172இன்படி உள்ளூர்த் திட்டம் ஒன்று மன்றம் தயாரிக்க வேண்டும். அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள், குறித்த தேதிக்குள் யாரும் ஆட்சேபம் எழுதலாம். இப்போதே திட்டமிடல் பிரிவுக்குப் போய், நடப்பில் இருக்கும் உள்ளூர்த் திட்டத்தில் அந்தத் திடல் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். திறந்தவெளி என்று குறித்திருந்தால் உங்கள் கையில் பிடி இருக்கிறது. விவசாயம் என்று இருந்தால், திட்டத்தை அடுத்து மறுஆய்வுக்கு எடுக்கும் நேரத்துக்காகக் காத்திருந்து எழுத வேண்டும். நிலமாற்றம் முடிந்து விளம்பரப் பலகை நட்ட பிறகு கிட்டத்தட்ட ஒன்றும் செய்ய முடியாது, அதை நான் மறைக்க விரும்பவில்லை.

கூட்டத்துக்குத் தாராளமாகப் போங்கள். மன்றச் செயலாளர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, பார்வையாளராக வருகிறேன், தேதியும் நேரமும் என்ன என்று கேளுங்கள். சட்டப்பிரிவைப் போனில் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார்கள். யாராவது தயங்கினால் மட்டும் 23ஆவது பிரிவு என்று மெதுவாகச் சொல்லுங்கள். பார்வையாளருக்குப் பேச உரிமை இல்லை. கேட்டு, உறுப்பினர்களில் யார் வாயைத் திறக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அந்த ஆளைப் பிடித்து உங்கள் கடித நகலைக் கொடுங்கள். பேசாமல் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்துப் பயனில்லை.

முட்டிக்கு மேல் நிற்கும் விளையாட்டு உடையோடு பயிற்சியிலிருந்து அப்படியே போய்விடாதீர்கள். செருப்பும் வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். வாசலில் இருக்கும் காவலருக்குச் சட்டம் 171 தெரியாது, உடை விதி நன்றாகத் தெரியும்.